பணத்தின் நிலையை முதலில் எழுதுவதா, திரையை முதலில் வரைவதா? தொலைவில் சிதறியிருக்கும் சிறு குழுவில் நிதித் தயாரிப்பு வடிவமைப்பு

நீலத்திரை:

வணக்கம். சிறு நிறுவனங்கள் பல நாணயங்களில் பணம் பெறவும், பெற்ற பணத்தைத் தங்கள் ஒப்பந்ததாரர்களுக்கும் பங்காளிகளுக்கும் பிரித்து அனுப்பவும் உதவும் ஒரு தயாரிப்பை உருவாக்கும் குழுவில் நான் ஒருவர்தான் வடிவமைப்பாளர். குழுவில் எவரும் ஒரே ஊரில் இல்லை. நேர மண்டலங்களும் வெகுவாக விலகியிருப்பதால், எல்லோரும் ஒருசேரப் பேசக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

முக்கியத் திரைகளை ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைந்து பகிர்ந்திருக்கிறேன். ஆனால் நிரலாளர்களிடமிருந்து வரும் கேள்விகள் திரைகளைப் பற்றியவையாக இல்லை. "பணம் போய்விட்டது என்று காட்டிய பிறகு, பெறும் வங்கி அதைத் திருப்பி அனுப்பினால் என்ன காட்டுவது?" என்று ஒருவர் கேட்கிறார். "பரிமாற்ற விகிதம் எந்தக் கணத்தில் உறுதியாகிறது, பயனர் பொத்தானை அழுத்தும்போதா, கூட்டாளி வங்கி ஏற்கும்போதா?" என்பது இன்னொருவரின் கேள்வி. பதில் எழுதி, அதற்கு மறுகேள்வி வந்து, தெளிவு பிறப்பதற்குள் ஒரு நாள் கழிந்துவிடுகிறது. நிறுவனரோ, திரைகள் முழுமையாக இருந்தால்தான் முதலீட்டாளர்களிடம் காட்ட முடியும் என்கிறார்.

இத்தகைய தயாரிப்பில் எங்கிருந்து தொடங்குவது முறை? எதை எழுத்தில் வைப்பது, எதைப் பேசித் தீர்ப்பது?

பேரேட்டுப்பக்கம்:

உங்கள் நிரலாளர்கள் கேட்பவை சரியான கேள்விகள். அவர்கள் கேட்பது பணம் எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், ஒரு நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்பதை. அந்த வரைபடம் எழுதப்படாத வரை, ஒவ்வொரு திரையும் அதைத் தனித்தனியாக ஊகித்துக்கொண்டிருக்கும். ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் குழுவில் இந்த ஊகங்கள் பேச்சுவாக்கில் மோதிச் சரியாகிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்யும் குழுவில் அவை நிரலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஒருவருடைய நிரலில் "முடிந்தது" என்பது வங்கி ஏற்றுக்கொண்டதையும், இன்னொருவருடைய நிரலில் அதே நிலை பெறுநரின் கணக்கில் வரவானதையும் குறிக்கும்.

ஆகவே என் பரிந்துரை, வரைவதற்கு முன் பேரேட்டிலிருந்து தொடங்குங்கள் என்பதே. இத்தாலியக் கணிதவியலாளர் லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸில் அச்சிட்டு வெளியிட்ட இரட்டைப் பதிவு முறைதான் இன்றும் இதற்கு அடித்தளம். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு பற்றும் ஒரு வரவும் உண்டு. இரண்டின் மொத்தமும் சமமாக இருக்க வேண்டும். எழுதிய பதிவை அழிக்கக் கூடாது, எதிர்ப்பதிவு மட்டுமே போடலாம். கணக்காளர்களின் உள்விவகாரம் என்று வடிவமைப்பாளர்கள் இதைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது. சென்று சேர்ந்த பணம் திரும்பி வந்தால், பழைய பரிவர்த்தனை "தோல்வி" என்று மாறுவதில்லை. அது நடந்தது நடந்ததுதான். திரும்பி வந்தது ஒரு புதிய பரிவர்த்தனை. அதற்கென்று தேதியும் தொகையும் காரணமும் உண்டு. இடையில் வங்கிகள் கட்டணம் பிடித்திருந்தால் அந்தத் தொகை அனுப்பியதைவிடக் குறைவாகவும் இருக்கும். ஆகவே திரையில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும்.

"இருப்பு" என்று ஒரே ஓர் எண்ணைக் காட்டும் திரை இருந்தால் அதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். பேரேட்டின்படி உள்ள இருப்பு, இப்போது எடுத்துச் செலவிடத்தக்க இருப்பு, வந்துகொண்டிருக்கும் தொகை ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. அட்டை வழியாகப் பெற்ற பணம் அங்கீகரிக்கப்பட்ட உடனே உங்கள் கைக்கு வந்துவிடுவதில்லை. பணம் உண்மையில் கைமாறும் செட்டில்மென்ட் பின்னர்தான் நடக்கிறது, அதற்கும் பின்னர், அட்டைக்காரர் மறுத்ததால் பணம் திரும்பப் பிடிக்கப்படும் சார்ஜ்பேக் வரக்கூடும். இவற்றை ஒரே எண்ணில் அடக்கினால், பயனர் இல்லாத பணத்தைச் செலவழிப்பார், அல்லது இருக்கும் பணத்தைக் காணவில்லை என்று பதறுவார்.

தொகைகளைப் பதின்மப் புள்ளியுள்ள மிதவை எண்களாகச் சேமிக்க வேண்டாம் என்பது நிரலாளர்களுக்குத் தெரிந்திருக்கும், 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் பெரும்பாலான நிரல்மொழிகளில் 0.30000000000000004 என்று வரும். நாணயத்தின் மிகச்சிறிய அலகில் முழு எண்ணாகச் சேமிப்பதே வழக்கம். இதில் உங்களைத் தொடும் பகுதி ஒன்று உண்டு. நாணயக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 4217 தரத்தின்படி ஜப்பானிய யென்னுக்குப் பதின்ம இடமே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று இடங்கள். இரண்டு இடங்களை மட்டும் மனத்தில் கொண்டு வரைந்த உள்ளீட்டுப் பெட்டி இந்த இரண்டிலும் பிழைபடும். பணத்தைப் பிரித்து அனுப்பும் தயாரிப்பு என்கிறீர்கள், 100.00ஐ மூவருக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு சிறு அலகு மிஞ்சும். அது யாருக்குச் சேரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, பயனருக்குத் தெரியும்படி வையுங்கள்.

சுருக்கமாகச்சொல்:

மேலே சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு ஸ்டார்ட்அப்பில் இதை அப்படியே கடைப்பிடித்தால், ஆவணம் முழுமையடைவதற்குள் கையிருப்புப் பணம் தீர்ந்துவிடும். நிலை வரைபடத்தைப் பார்த்து எந்தப் பயனரும் "இது எனக்கு வேண்டாம்" என்று சொல்வதில்லை. திரையைப் பார்த்தால்தான் சொல்கிறார். கரடுமுரடான முன்மாதிரியைக் காட்டி, சிறு தொழில் நடத்தும் சிலரிடம் பேசி, தேவையே இல்லாத பாதிப் பகுதிகளை வெட்டிவிட்ட பிறகு மீதிக்கு நிலைகளை எழுதுவது சிக்கனமான வழி.

எழுதியே தீர்க்க வேண்டும் என்ற பிடிவாதமும் தொலைநிலைக் குழுக்களைப் பிடித்த ஒரு நோய். பத்து நிமிடப் பேச்சில் முடிய வேண்டியதை மூன்று நாள் கருத்துரை இழையாக இழுப்பவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

மறுமுயற்சி:

பின்நிரல் (திரைக்குப் பின்னால் சர்வரில் இயங்கும் நிரல்) எழுதுபவன் என்ற முறையில், பேரேட்டுப்பக்கம் அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வடிவமைப்பாளர்கள் வழக்கமாக வெற்றி, தோல்வி, காத்திருப்பு என்று மூன்று திரைகள் தருவார்கள். நான்காவதான "தெரியவில்லை" என்ற நிலைக்குத் திரை வராது. கூட்டாளி வங்கியின் ஏபிஐக்கு (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாயில்) கோரிக்கை அனுப்புகிறோம். பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. பணம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அந்தக் கணத்தில் திரையில் "பிழை நேர்ந்தது, மீண்டும் முயல்க" என்று ஒரு பொத்தான் வந்தால், பயனர் நியாயமாகவே அதை அழுத்துவார், பணம் இருமுறை போய்விடும்.

இதற்குப் பின்நிரலில் தீர்வு உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தனித்த அடையாளச் சாவியை இணைத்து அனுப்பினால், அதே சாவியுடன் மறுபடி வரும் கோரிக்கையை எதிர்ப்பக்கம் புதிய கட்டளையாகக் கொள்ளாமல் முந்தைய விடையையே திருப்பித் தரும். இணையவழிப் பணம் பெற உதவும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் ஏபிஐயில் இது ஐடெம்பொடன்சி சாவி என்ற பெயரில் இருக்கிறது. ஆனால் சாவி எப்போது பிறக்கிறது என்பது வடிவமைப்பு முடிவு. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய சாவி பிறந்தால் பயனே இல்லை. பயனர் "இந்தப் பணத்தை அனுப்புகிறேன்" என்ற எண்ணத்தோடு படிவத்தைத் திறக்கும்போதே பிறந்து, அந்த எண்ணம் மாறும்வரை அதே சாவி நிலைக்க வேண்டும். தொகையைத் திருத்தினால் அது புதிய எண்ணமா, பழையதா? இதை என்னால் தனியாக முடிவு செய்ய இயலாது. திரையின் ஓட்டத்தை வரைந்தவரும் நானும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

சுருக்கமாகச்சொல் அவர்களுக்கு: முன்மாதிரி முதலில் என்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. அந்த முன்மாதிரியையே தயாரிப்பாகக் கருதி நிரல் எழுதச் சொல்லும்போதுதான் சிக்கல். கணினி நிரலாளர் மெல்வின் கான்வே 1968இலேயே எழுதினார், ஒரு நிறுவனம் உருவாக்கும் கட்டகம் அந்த நிறுவனத்தின் தகவல்தொடர்பு வடிவத்தையே நகலெடுக்கும் என்று. பேசிக்கொள்ளாத இரண்டு பேர் எழுதிய இரண்டு பகுதிகளுக்கு நடுவேதான் பணம் காணாமல் போகிறது.

விதிநூல்:

நான் கம்ப்ளையன்ஸ் பக்கம், அதாவது சட்டவிதிகள் கடைப்பிடிக்கப்படுவதைக் கவனிக்கும் பக்கம், இருப்பவர். எங்களைக் கடைசியில் அழைத்து ஒப்புதல் கேட்கும் வழக்கம் இருப்பதால், நாங்கள் தடை போடுபவர்களாகத் தெரிகிறோம். சில விதிகள் திரையின் வாசகத்தையே தீர்மானிப்பவை என்பதால், தொடக்கத்திலேயே அழைத்தால் உங்கள் வேலைதான் குறையும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பரிவர்த்தனை சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்பட்டு, அதுபற்றி அதிகாரிகளுக்கு அறிக்கை போயிருந்தால், அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பதையே பல நாடுகளின் சட்டவிரோதப் பணப் பரிவர்த்தனைத் தடுப்புச் சட்டங்கள் குற்றமாக்கியுள்ளன. எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்வதே நல்ல வடிவமைப்பு என்று பழகியவர்களுக்கு இது நெருடும். நடைமுறைத் தீர்வு, வழக்கமான தாமதத்துக்கும் இத்தகைய நிறுத்தத்துக்கும் ஒரே பொதுவான வாசகத்தை வைப்பது. இரண்டுக்கும் வெவ்வேறு நிறமோ குறியீடோ வைத்தால், சொல்லாமலேயே சொன்னதாகிவிடும். உதவி மையத்தில் இருப்பவரின் திரையிலும் யாருக்கு எது தெரியலாம் என்பதைத் தனியே வரையறுக்க வேண்டும்.

அட்டை விவரங்களில், அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ் விதி தெளிவானது. திரையில் அட்டை எண்ணைக் காட்டும்போது வங்கியைக் குறிக்கும் தொடக்க எண்களும் கடைசி நான்கு எண்களும் மட்டுமே தெரியலாம். முழு எண்ணும் பார்க்க ஒருவருக்குத் தொழில்முறைத் தேவை இருக்க வேண்டும். அட்டையில் அச்சிட்டிருக்கும் சிவிவி என்ற இரகசியச் சரிபார்ப்பு எண்ணை அங்கீகாரம் முடிந்த பிறகு மறைக்குறியாக்கம் செய்தும்கூட வைத்திருக்கக் கூடாது. தொலைநிலைக் குழுக்களில் இந்த விதி மீறப்படும் இடம் பெரும்பாலும் தயாரிப்புக்கு வெளியே இருக்கிறது. பிழையை விளக்க உண்மையான வாடிக்கையாளரின் திரையைப் படம் எடுத்து அரட்டைக் குழுவில் போடுவார்கள்; வடிவமைப்புக் கோப்பில் மாதிரித் தரவாக நிஜப் பெயர்களையும் கணக்கு எண்களையும் ஒட்டுவார்கள். அந்தக் கோப்புக்கான இணைப்பு யார் யாரிடம் போயிருக்கிறது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

ஒப்புதல் திரைகளைப் பற்றி ஒன்று. 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 இலட்சம் டாலர் வட்டி அனுப்ப முனைந்து, தன் சொந்தப் பணத்திலிருந்து ஏறத்தாழ 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. அசல் தொகை வெளியே போகாமல் உட்கணக்குக்குத் திரும்ப, அந்த மென்பொருளில் பிரின்சிபல், ஃப்ரண்ட், ஃபண்ட் என்ற மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டியிருந்தது. முதலாவதை மட்டும் நிரப்பினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் அளித்த பரிவர்த்தனை அது. சுமார் 50 கோடி டாலர் திரும்பி வராமல் வழக்காகி, 2021இல் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, 2022இல் மேல்முறையீட்டில்தான் அது மாறியது. ஒப்புதல் தருபவரிடம் உள்ளீட்டுப் படிவத்தையே மறுபடி காட்டினால், அவரும் அதே தவறான புரிதலோடுதான் அதைப் படிப்பார். விளைவை அவருக்குக் காட்டுங்கள்: எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு வெளியே போகிறது, போன பிறகு அங்கே எவ்வளவு மிஞ்சும், இது வழக்கமான தொகையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது.

நீலத்திரை:

மிக்க நன்றி. "தெரியவில்லை" என்ற நிலைக்கு என்னிடம் திரை இல்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். ஒப்புதலைப் பற்றி ஒரு துணைக் கேள்வி. எங்கள் தயாரிப்பில் ஒருவர் கட்டளை இட, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். இருவருக்கும் இடையே பல மணி நேரம் கழியலாம். அதற்குள் பரிமாற்ற விகிதம் மாறிவிடுமே?

இவற்றையெல்லாம் ஆவணமாக்கினால் யார் படிப்பார்கள் என்ற ஐயமும் இருக்கிறது.

பேரேட்டுப்பக்கம்:

விகிதத்தை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். கட்டளை இடும்போது காட்டுவது உத்தேச விகிதம். அது உத்தேசம் என்பது எழுத்தில் தெரிய வேண்டும். உறுதியான விகிதம் இறுதி ஒப்புதலின்போது பெறப்படுகிறது. அதற்குக் குறுகிய காலக்கெடு உண்டு. அந்தக் கெடு முடிந்தால் என்ன ஆகும் என்பதும் அதே திரையில் இருக்க வேண்டும். கட்டளை இடுபவர், "இந்த வரம்புக்கு மேல் விலகினால் என்னிடம் திரும்பி வரட்டும்" என்று ஓர் எல்லையை முன்கூட்டியே வைக்க முடிந்தால், ஒப்புதல் தருபவர் இக்கட்டில் மாட்டமாட்டார். அனுப்பும் தொகை நிலையானதா, பெறும் தொகை நிலையானதா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். விலைப்பட்டியலுக்குப் பணம் கட்டுபவருக்குப் பெறும் தொகை மாறக் கூடாது. சம்பளத்துக்கென ஒதுக்கிய தொகையைப் பிரிப்பவருக்கு அனுப்பும் தொகை மாறக் கூடாது.

ஆவணத்தைப் பற்றி: யாரும் படிக்காத ஆவணம் பெரும்பாலும் அளவுக்கு மீறி நீண்ட ஆவணமாக இருக்கும். மைக்கேல் நைகார்ட் 2011இல் மென்பொருள் கட்டமைப்பு முடிவுகளுக்கென முன்வைத்த முடிவுக்குறிப்பு வடிவத்தை நிதித் தயாரிப்புக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு முடிவுக்கு ஒரு குறிப்பு. சூழல் என்ன, எதை முடிவு செய்தோம், அதனால் என்ன விளையும் என்று ஒரு பக்கத்துக்குள். பின்னால் முடிவு மாறினால் பழையதை அழிக்காமல் புதியதை எழுதி, பழையதில் "இது மாற்றப்பட்டது" என்று குறிப்பிட வேண்டும். பேரேட்டின் ஒழுக்கமும் இதேதான் என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

எழுதிக் கேட்கும் கேள்விகளையும் திருத்தி அமையுங்கள். "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் நாள் வீணாகும். "இப்படிச் செய்யப் போகிறேன், காரணம் இது, உங்கள் பகல் முடிவதற்குள் மறுப்பு வராவிட்டால் தொடர்வேன்" என்று கேட்டால், பெரும்பாலானவற்றுக்கு மறுமொழியே தேவைப்படாது. பணம் நகரும் வழியை மாற்றும் முடிவுகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அவற்றுக்கு மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாமல், பெயர் குறிப்பிட்ட இருவரின் ஒப்புதலை வாங்குங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். பேரேட்டில் எல்லாம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும். ஆனால் வங்கியின் அன்றாட வெட்டுநேரம் (அன்றைய கட்டளைகளை ஏற்கும் கடைசி நேரம்) அந்த வங்கி இருக்கும் இடத்தின் நேரத்தில் நடக்கிறது; கோடைக்கால நேர மாற்றத்தோடு நகர்கிறது; விடுமுறை நாட்கள் நாணயத்துக்கு நாணயம் வேறுபடுகின்றன. "நாளை வந்து சேரும்" என்று எழுதினால், யாருடைய நாளை என்ற கேள்வி எழும். தேதியையே எழுதுங்கள்.

சுருக்கமாகச்சொல்:

ஒரு பக்கக் குறிப்பு என்றால் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் முன்மாதிரியை விட்டுக்கொடுக்கமாட்டேன். முன்மாதிரியில் அழகான தரவை நிரப்புவதை நிறுத்தினாலே பாதிக் கேள்விகள் முன்னதாகவே வந்துவிடும். எல்லாத் திரையிலும் குறுகிய பெயர், முழுத் தொகை, "வெற்றி" என்ற பச்சைச் சொல் என்று வரைகிறார்கள். அதற்குப் பதிலாக, மூன்று வரிக்கு நீளும் நிறுவனப் பெயர், எதிர்மறை இருப்பு, பலருக்குச் சேர்த்து அனுப்பும்போது பாதியில் நின்ற தொகுதி, திரும்பி வந்த பணம், கட்டணம் பிடித்ததால் ஒத்துப்போகாத தொகை என்று நிரப்பி வரைந்து பாருங்கள். நிறுவனரிடம் இதைக் காட்டத் தயங்க வேண்டாம்; பணம் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பது விவரம் அறிந்த முதலீட்டாளர் கேட்கக்கூடியதுதான்.

பேச்சுக்குக் கிடைக்கும் அந்தக் குறைந்த பொது நேரத்தை நிலவர அறிக்கை வாசிப்பதில் செலவிடாதீர்கள். குறிப்பில் கருத்து வேறுபாடு தீராத ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பேசுங்கள். பேசி முடித்ததை அதே குறிப்பில் எழுதிவிடுங்கள்.

தெளிவுரை:

அணுகுதன்மையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையத்தை அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியின் 3.3.4ஆம் விதி நிதிப் பரிவர்த்தனைகளையே குறிப்பிட்டுப் பேசுகிறது: பயனரின் செயல் மீளப்பெறத்தக்கதாக இருக்க வேண்டும், அல்லது உள்ளீடு பிழைக்காகச் சோதிக்கப்பட்டுத் திருத்த வாய்ப்புத் தரப்பட வேண்டும், அல்லது இறுதியாக அனுப்பும் முன் சரிபார்த்து உறுதிசெய்ய வழி இருக்க வேண்டும். நிறத்தால் மட்டும் பொருள் உணர்த்தக் கூடாது என்ற விதி, பச்சை வரவு, சிவப்புப் பற்று என்று பிரிக்கும் எல்லாப் பட்டியல்களையும் தொடும். கழித்தல் குறியை அச்சுக்குறிகளில் உள்ள சிறு கோடாக இட்டால், சில திரைவாசிப்பான்கள் அதைப் படிக்காமல் தாண்டிவிடும்; கேட்பவருக்குக் கடன் இருப்பாகிவிடும். 1.234,56 என்று எழுதும் நாடுகளும் 1,234.56 என்று எழுதும் நாடுகளும் இருப்பதால், ஒட்டப்பட்ட தொகையை ஊகித்துத் திருத்தாமல், எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதை எழுத்தாலும் காட்டுவது பாதுகாப்பு.

நீலத்திரை:

நாளையே நிலை வரைபடத்தைத் தொடங்குகிறேன். அதை நிரலாளர், கம்ப்ளையன்ஸ் ஆலோசகர் இருவரோடும் ஒரே கோப்பில் திருத்திக்கொள்வோம். ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. ஒரு தொகுதியில் பாதிப் பேருக்குப் பணம் போய், மீதிப் பேருக்குத் தடைபட்டால், அந்தத் தொகுதியின் நிலை என்ன? "மீண்டும் அனுப்பு" என்ற பொத்தானை எங்கே வைப்பது?

மறுமுயற்சி:

தொகுதிக்கென்று தனி நிலையை வைக்காதீர்கள். நிலை ஒவ்வொரு வரிக்கும் உரியது. தொகுதி காட்டுவது அவற்றின் கூட்டுத்தொகையை மட்டும். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்குச் சேர்ந்தது, இரண்டு வழியில் உள்ளன, ஒன்று திரும்பி வந்தது என்று எண்ணிக்கையும் தொகையும் சேர்ந்து வர வேண்டும். அவற்றைக் கூட்டினால் முதலில் அனுப்பிய மொத்தம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அதுவே எங்களுக்கு எச்சரிக்கை.

பொத்தானும் தொகுதியின் தலையில் வேண்டாம், வரியில் இருக்கட்டும். திரும்பி வந்த வரிக்கு "புதிதாக அனுப்பு" என்று வையுங்கள். அது புதிய கட்டளை, புதிய சாவி, வேண்டுமானால் புதிய ஒப்புதலும். விடை தெரியாமல் நிற்கும் வரிக்குப் பொத்தானே வேண்டாம். அதை நாங்கள் அதே சாவியோடு பின்னணியில் கேட்டுக்கொண்டிருப்போம். வங்கியின் அன்றாட அறிக்கை வந்ததும் அதை எங்கள் பேரேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையில் அதன் விடை தெரிந்துவிடும். அதுவரை, கடைசியாக எப்போது சரிபார்த்தோம், அடுத்து எப்போது சரிபார்ப்போம் என்ற இரண்டு நேரங்களை அந்த வரியில் காட்டினால், பயனர் வேறு வழியில் அதே பணத்தை அனுப்பப் போகமாட்டார்.